கோலுக்குப் பின்னால் நின்றவர்

பயிற்சியாளர்கள் மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டருகே நிற்பார்கள். எங்கள் மேடம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். வலைக்கு அந்தப் பக்கம், என் முதுகிலிருந்து நான்கடி தள்ளி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. அவருக்குப் பெரிய குரல் கிடையாது. விசில் ஊதினால் பாதி நாள் காற்றுதான் வரும். அதனால் பேசியே எங்களை ஆட வைத்தார். "முன்னாடி வா. இன்னும் ரெண்டு எட்டு. நில்லு. விழாத." கல்லூரியில் மூன்று ஆண்டுகளும் நான் கோல்கீப்பர். அந்த மூன்று ஆண்டுகளும் இந்த நான்கு வாக்கியங்களை என் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் முழுக்க அந்தக் குரல் என்னை விடவில்லை. என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் சிறுமிகளுக்குக் கால்பந்து அணி தொடங்குகிறார்கள். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் அவளைக் கோலில் நிறுத்தப் போவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களும் பேனாவை எடுத்தேன், வைத்தேன். கணவரிடம் கேட்டால், "நீதான ஆடுன ஆளு, நீயே முடிவு பண்ணு, எனக்கென்ன தெரியும்" என்கிறார். எனக்கு மரியாதை கொடுப்பதாக அவர் நினைக்கிறார். சாம்பார் கொதிக்கும்போது யோசிக்கிறேன், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பப் போய்ப் பார்க்கும்போதும் யோசிக்கிறேன். என் இடது மணிக்கட்டு ஏன் முழுதாகத் திரும்பாது, பெரிய குக்கரை ஏன் வலது கையால் மட்டுமே தூக்குகிறேன் என்று மகளுக்கு நான் சொன்னதே இல்லை.

மேடத்துக்குக் கால்பந்து தெரியாது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் பசுமலைப் பக்கம் எங்கள் பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக வந்த விரிவுரையாளர். ஊர் திருவாதவூர். வயலும் கிணறுமாக இருந்த குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாகக் கிடந்த நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து, மகளிர் கால்பந்துப் போட்டிக்கு ஒவ்வொரு கல்லூரியும் அணி அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பேராசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி ஒதுங்கினார்கள். காரணம் சொல்லத் தைரியமில்லாத, வேலை நிரந்தரமாகாத ஒருவர் இருந்தார். பொறுப்பு அவரிடம் போனது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அன்று அவரை ரொம்பப் பெரியவர் என்று நினைத்தேன். இன்று எனக்கு முப்பத்திரண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அன்றைய அவரைவிட நான் ஆறு வயது மூத்தவள்.

நூலகத்திலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, தேர்வுக்குப் படிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் படித்தார். ஞாயிறுகளில் பையன்கள் ஆடும் மைதானங்களுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்து, ஆட்டம் முடிந்ததும் நோட்டுடன் போய் அவர்களிடமே சந்தேகம் கேட்டார். "டீச்சர் வந்துட்டாங்கடா, ஆஃப்சைடுக்கு விளக்கம் சொல்லுங்கடா" என்று அவர்கள் கிண்டலடித்ததை அவரே எங்களிடம் சிரிக்காமல் சொல்லுவார். எங்கள் மைதானம் சரளை மண். பயிற்சிக்கு முன் வரிசையாகக் குனிந்து நடந்து கருவேல முள் பொறுக்குவோம். கோடு போட ஆளில்லாததால் அவரே சணல் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுப் போட்டு, மூலைகளைச் செங்கோணமாக்கிச் சுண்ணாம்பு தூவினார். எங்கள் ஆட்டம் எப்படி இருந்தாலும், எங்கள் மைதானத்தின் மூலைகளில் யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் அணி சரியாகப் பதினோரு பேர். மாற்று ஆட்டக்காரி கிடையாது. பாதிப் பேர் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள், மீதி நகரத்துக்காரிகள். எங்களைச் சேர்ப்பதற்கு முன்னால் மேடம் ஒவ்வொரு வீடாகப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து மாறி மாறி, உசிலம்பட்டிச் சாலையில் ஒரு வீடு, பழங்காநத்தத்தில் எங்கள் வீடு என்று. போன இடத்தில் கொடுத்த காபியை எல்லாம் குடித்தார். கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, எம்புட்டு சம்பளம் என்ற கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னைக் காபி போட உள்ளே அனுப்பிவிட்டார். நான் டம்ளரோடு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. அம்மா, "போய்ட்டு வரட்டும்" என்று மட்டும் சொன்னார். எதற்கும் சம்மதிக்காத அம்மாவை என்ன சொல்லி மசிய வைத்தார் என்று எனக்கு ஆச்சரியம். கணக்கில் கெட்டிக்காரர்கள் எதையும் நிரூபித்துவிடுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆண்டு எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். ஒன்றில் ஒன்பது கோல் வாங்கினேன். அன்று பேருந்தில் மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, பயணச்சீட்டின் பின்புறம் ஒரு முக்கோணம் வரைந்தார். பந்து ஒரு முனை, இரண்டு கம்பங்கள் மற்ற இரண்டு முனைகள். "நீ கோட்டுலயே நின்னா அவளுக்கு எம்புட்டு இடம் தெரியுது பாரு. ரெண்டு எட்டு முன்னாடி வந்தா இம்புட்டுதான்." அதன் பிறகு எனக்குப் பயிற்சி என்றால் அதுதான். அவர் பந்தை எங்கே வைத்தாலும் நான் ஓடிவந்து சரியான இடத்தில் நிற்க வேண்டும். பந்தை உதைக்கக்கூட மாட்டார். நின்ற இடத்தைக் கயிறு வைத்து அளப்பார். மற்ற கல்லூரிக் கீப்பர்கள் பாய்ந்து விழுந்து பிடிப்பதைப் பார்த்து நானும் கேட்டேன். சரியான இடத்தில் நிற்பவளுக்கு விழ வேண்டிய அவசியம் வராது, விழுகிறாள் என்றால் கணக்கு தப்பிவிட்டது என்று அர்த்தம் என்றார். எனக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. விழாத கீப்பர் என்று பிற கல்லூரிகளில் என்னைக் கேலி செய்தபோதும், அவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

கேலி செய்தாலும் கோல்கள் குறைந்தன. இரண்டாம் ஆண்டு இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாம் ஆண்டு எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். பிரின்சிபால் காலைக் கூட்டத்தில் மேடத்தின் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். வேலை நிரந்தரமாகிவிடும் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்களாம். மேடம் மட்டும் அந்த வாரம் சாப்பிட்டாரா என்றே தெரியவில்லை. எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கை கால்களைத்தான் பார்த்தார். ஒருத்தி முழங்காலில் சின்னச் சிராய்ப்போடு வந்தால், "இது எங்க வச்சு? வீட்லயா, இங்கயா?" என்று கேட்பார். வீட்டில் என்றால் முகம் தெளியும்.

இறுதி ஆட்டம் புல் தரையுள்ள பெரிய மைதானத்தில் நடந்தது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ரெஃப்ரி வந்து, பயிற்சியாளர் கோலுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, எதிர்ப்பக்கம் போட்டிருக்கும் பெஞ்சுக்குப் போக வேண்டும் என்றார். மேடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம், "கேக்காட்டியும் நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இடைவேளைக்குப் பின், ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது, எதிரணிக்காரி ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். நான் இரண்டு எட்டு முன்னால் வந்தேன், நின்றேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பந்து என் இடப்பக்கம் தரையோடு தரையாகக் கம்பத்தை நோக்கிப் போனது. முதுகுக்குப் பின்னால் குரல் இல்லை. நான் பாய்ந்தேன். விரல்நுனியில் பந்து பட்டு வெளியே போனது. காற்றில் நான் இருந்த அந்த நேரம் ஒரு நொடிகூட இருக்காது. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அதன் பிறகு கல்யாணத்திலோ, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பிரசவத்திலோகூட நான் உணர்ந்ததில்லை. அப்புறம் தரை வந்தது. கையை முன்னால் ஊன்றினேன். விழத் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஊன்றுவார்களாம். மருத்துவமனையில் எலும்பு டாக்டர் பின்னர் சொன்னார். இடுப்பும் தோளும் முதலில் தரையைத் தொட வேண்டும், கை கடைசியில்தான் வர வேண்டும், உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார்.

இடது பின்கள ஆட்டக்காரியைக் கோலில் நிறுத்தி, பத்துப் பேரோடு ஆடி, மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். நான் அதைப் பார்க்கவில்லை. மேடம் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் வந்திருந்தார். என் கையை அவர் துப்பட்டாவில் ஏந்தி, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரிடம் "மெல்ல அண்ணே, மெல்ல அண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். மருத்துவமனைக்கு அம்மா வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக மேடத்திடம் போய் நின்றார்.

"ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து விடுறேன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியே, பண்ணுனியா இல்லையா?"

மேடம், "பண்ணுனேம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் காபி போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அம்மா உள்ளங்கையை நீட்டியிருக்கிறார், மேடம் அதில் தன் கையை அடித்து வாக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் அப்படி அடித்துக் கொடுத்த வாக்கைத் தவறினால் அது குடும்பத்தையே பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. என் அம்மா நம்புகிறவர். சரளை மண்ணில் பந்தாடப் போகும் பெண்ணுக்குக் கீறல்கூட விழாது என்று கணக்கு படித்த ஒருவர் எப்படி வாக்குக் கொடுத்தார் என்று கட்டிலில் படுத்தபடி யோசித்தேன். அம்மா அதைத் தவிர வேறு எதற்கும் சம்மதித்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் நான் கணக்கு என்று நம்பிய அந்த "விழாத" என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்றத்தான் அவர் எனக்கு விழக் கற்றுத்தரவில்லை. கற்றுத்தராததால்தான் கை உடைந்தது.

இதில் அம்மாவை எப்படிக் குறை சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு குடும்பத்தார் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அம்மா பயந்தது வீண் பயம் அல்ல.

ஒரு வாரம் கழித்துப் பிரின்சிபால் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அம்மா புகார் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவும் நானும் நாற்காலியில். மேடம் நின்றுகொண்டிருந்தார். என் கையில் மாவுக்கட்டு. பிரின்சிபால் கோபக்காரர் இல்லை. நிதானமாக, என்னைப் பார்த்து, "விழுந்து புடிக்கச் சொல்லி மேடம் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். மூன்று ஆண்டுகள் விழாதே என்றுதான் சொன்னார், நானாகத்தான் விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா என் முழங்கையை, நல்ல கையை, பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி இறுகியதா, அல்லது நானே அப்படி நினைத்துக்கொள்கிறேனா தெரியாது. எத்தனையோ முறை அந்த அறைக்குள் போய்ப் போய்ப் பார்க்கிறேன், பிடி இறுகியது என்று சில நாள் தோன்றுகிறது, இல்லை என்று சில நாள். நானாகத்தான் விழுந்தேன் என்றால் அம்மா வீட்டில் என்ன சொல்வாரோ என்ற பயம் இருந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மேடம் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார். பிறகு பிரின்சிபாலிடம், "என் பொறுப்புதான் மேடம்" என்றார்.

அணியைக் கலைத்துவிட்டார்கள். அந்தக் கல்வியாண்டோடு அவர் வேலையும் போனது. கடைசி நாள் அவர் எல்லா வகுப்புகளுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அன்று கல்லூரிக்குப் போகவில்லை.

பழைய அணிக்காரிகள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மேடத்தின் எண்ணைக் கொடுத்தாள். தேர்வெழுதி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகிவிட்டாராம், மேலூர்ப் பக்கம். அந்த எண்ணைச் சேமித்து வைத்திருந்தேன், அழைத்ததில்லை. இந்தப் புதன்கிழமை மகள் பள்ளிக்குப் போன பிறகு மதிய இடைவேளையாகப் பார்த்து அழைத்தேன். யாரென்று சொன்னதும், "கை எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். கை நன்றாக இருக்கிறது என்று பாதிப் பொய் சொன்னேன். மகளைப் பற்றிச் சொன்னேன். எத்தனாவது படிக்கிறாள், கணக்கில் எப்படி என்று விசாரித்தார். இங்கே விளையாட்டுப் பொறுப்பு தர வந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார், கேட்காமலே. அன்று பிரின்சிபால் அறையில் பேசாமல் இருந்துவிட்டேன் மேடம் என்றேன்.

"இருந்த. நானும் பாத்துக்கிட்டுதான நின்னேன்" என்றார். பிறகு, "பத்தொம்போது வயசு ஒனக்கு. ஒங்கம்மா பக்கத்துலயே ஒக்காந்திருந்தாங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை.

வாக்கைப் பற்றிக் கேட்டேன். பதினோரு வீட்டிலும் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறார். பத்து வீட்டில் மறந்துவிட்டார்களாம். அவர் மறக்கவில்லை. இரவில் எழுந்து உட்கார்ந்து யாருக்கு எங்கே காயம் என்று நினைத்துப் பார்ப்பாராம். "புத்தகத்துல எப்படி விழணும்னு ஒரு பக்கம் இருந்துச்சும்மா, படமெல்லாம் போட்டு. அதத் தாண்டிப் போயிட்டேன். அதச் சொல்லிக் குடுத்தா நீ விழுந்துருவியேன்னு பயம்." கோணமெல்லாம் பொய்யில்லை, ஆனால் அது பாதிதான் என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போடவா என்று கேட்டேன். சின்னப் பிள்ளைபோல் கேட்டுவிட்டேன்.

"என்னையக் கேக்காத. நான் ஒரு தடவ வாக்குக் குடுத்துப் பட்டது போதும்." பின்னால் மணியடித்தது. "கிளாஸ் இருக்கு. வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை அம்மா போன் செய்தபோது மேடத்திடம் பேசியதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கால்பந்து என்றதும், "அந்தக் கோச்சுகிட்ட நேராப் போய்க் கேளு, புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு ஒரு வார்த்த வாங்கிக்க" என்றார். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமை முழுதும் பயிற்சியாளரிடம் எப்படிக் கேட்பது என்று வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே பிள்ளை, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை மகளை வண்டியில் வைத்துக்கொண்டு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். படிவத்தில் அப்போதும் கையெழுத்து இல்லை. பயிற்சியாளர் அவனியாபுரத்துக்காரர், இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், அம்மாக்களின் முகங்களைப் பார்த்துப் பழகியவர்போல, அவரே சொன்னார்.

"பயப்படாதீங்கக்கா. பாப்பாவுக்கு ஒரு கீறல் விழாது. நான் கேரண்டி."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையையும் நீட்டினார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். நான்கு நாட்களாக அதைக் கேட்கத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன். கை தானாக எழுந்தது, பாதியில் இறக்கிக்கொண்டேன்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கீறல் விழும். எப்படி விழணும்னு மொதல்ல சொல்லிக் குடுங்க. அப்புறமா கோல்ல நிப்பாட்டுங்க."

அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். "எல்லாரும் கேரண்டி கேப்பாங்க, நீங்க வேணாங்கிறீங்க" என்றார். பிறகு மகளிடம் திரும்பி, "வா பாப்பா, மணலுக்குப் போவோம்" என்று நீளம் தாண்டும் மணல் குழிக்குக் கூட்டிப் போனார்.

படிவத்தை வண்டி சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது மகள் முழங்காலில் இருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தாள். முதலில் இடுப்பு, அப்புறம் தோள். மூன்றாவது தடவை சரியாக விழுந்துவிட்டாள் போலிருக்கிறது, அவர் கைதட்டினார். அவள் தலைமுடியெல்லாம் மணலோடு எழுந்து நான் பார்க்கிறேனா என்று தேடினாள். என் அம்மா நான் ஆடியதை ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. நான் வந்திருக்கிறேன். நாலாவது தடவைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.